புகார் கிளம்பிய முதல் நாள்: வாய் மூடுவதா, மறுப்பதா, சரக்கைத் திரும்ப எடுப்பதா?

காலை எட்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்ற ஆரம்பிக்கிறது. உங்கள் கம்பெனி பாக்கெட்டைப் பிரிக்கிறார்கள், உள்ளே ஏதோ நெளிகிறது. பத்து மணிக்கு டிவி நிருபர் போன் செய்து "சார், ஒரு பைட் வேணும்" என்கிறார். பதினோரு மணிக்கு அவசரக் கூட்டம். வக்கீல் "யாரும் வாயைத் திறக்காதீங்க" என்கிறார். உற்பத்தியைப் பார்ப்பவர் "நம்ம ஆலையில இதுக்கு வாய்ப்பே இல்ல, மறுப்பு கொடுங்க" என்று கொதிக்கிறார். தரக்கட்டுப்பாட்டுப் பெண்மணி மட்டும் மெதுவாக, "அந்த பேட்ச் சரக்கைக் கடைகளிலிருந்து எடுத்துடலாமே" என்கிறார்.

மூவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. மூன்று வழியிலும் பிழைத்தவர்கள் உண்டு, அடிபட்டவர்களும் உண்டு. அதனால் எது நல்ல வழி என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்த நிலைமைக்கு எது என்றுதான் பார்க்க வேண்டும். உதாரணங்களில் பெரும்பாலும் உணவும் மருந்தும்தான் வரும். அங்கேதான் விளைவுகள் பளிச்சென்று தெரிகின்றன. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கூட்டுறவுச் சங்கம் நடத்துபவர்களும் இதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் மௌனம். வக்கீல்கள் இதை விரும்பக் காரணம் உண்டு. இன்று அவசரத்தில் சொன்ன ஒரு வாக்கியம் இரண்டு வருடம் கழித்து எதிர்த்தரப்பின் ஆவணமாக வந்து நிற்கும். இன்னொரு காரணமும் உண்டு: இருநூறு பேர் பார்த்த பதிவுக்கு நீங்கள் விளக்கம் கொடுத்தால், உங்கள் விளக்கமே அதை இரண்டு லட்சம் பேரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். பில்லில் தகராறு, கவுன்டரில் ஒருவர் கடுகடுத்தது போன்ற புகாருக்கெல்லாம் பத்திரிகை அறிக்கை விடுவது அசட்டுத்தனம். சம்பந்தப்பட்டவரை நேரில் கூப்பிட்டுப் பேசி முடிக்க வேண்டியவை அவை.

ஆனால் உடம்புக்குக் கேடு என்ற சந்தேகம் வந்துவிட்டால் மௌனத்தின் விலை வேறு. இந்தியாவில் இதற்கு மேகியை விடப் பெரிய பாடம் இல்லை.

2014 மார்ச்சில் உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கியில் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் ஒரு கடையில் மேகி மாதிரி எடுத்தார்கள். உறையில் 'எம்.எஸ்.ஜி. சேர்க்கவில்லை' என்று இருந்தது. எம்.எஸ்.ஜி. என்பது சுவை கூட்டும் ஒரு வகை உப்பு. கோரக்பூர் ஆய்வகமோ அது இருக்கிறது என்றது. மேகியைத் தயாரிக்கும் நெஸ்லே அதை ஏற்கவில்லை. மாதிரி கொல்கத்தாவின் மத்திய ஆய்வகத்துக்குப் போனது. 2015 ஏப்ரலில் வந்த முடிவில் எம்.எஸ்.ஜி.யோடு ஈயமும் இருந்தது. அனுமதி பத்து லட்சத்தில் 2.5 பங்கு, சொல்லப்பட்ட அளவு 17.2 பங்கு. ஏப்ரல் 30 அன்று அந்த மாநில அதிகாரிகள் சரக்கைத் திரும்பப் பெறச் சொன்னார்கள்.

கவனியுங்கள், கம்பெனிக்கு இது திடீர் இடி அல்ல. முதல் மாதிரி எடுத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. செய்தி நாடு முழுக்கப் பரவிய பிறகு, மே கடைசியில்தான் பொதுமக்களுக்கு விளக்கம் வந்தது. திரும்பப் பெற உத்தரவு எதுவும் இல்லை, மேகி பாதுகாப்பானது, நாங்கள் ஏராளமான தொகுதிகளைச் சோதித்திருக்கிறோம் என்ற மாதிரியான அறிக்கைகள். ட்விட்டரில் கவலையோடு கேட்ட அம்மாக்களுக்கும் ஏறக்குறைய இதே வாசகங்கள்தான். அதற்குள் பேச வேண்டியவர்களைத் தவிர எல்லோரும் பேசிவிட்டார்கள். டிவி விவாதம் நடந்தது, விளம்பரத்தில் நடித்த நட்சத்திரங்கள் மீது வழக்குப் பதியச் சொல்லி பீகாரில் ஒரு நீதிமன்றம் உத்தரவிட்டது, டெல்லியும் தமிழ்நாடும் உட்படப் பல மாநிலங்கள் ஜூன் முதல் வாரத்தில் அடுத்தடுத்துத் தடை விதித்தன. ஜூன் 5 அன்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒன்பது வகை மேகியையும் திரும்பப் பெறச் சொன்னது. சுவிட்சர்லாந்திலிருந்து பறந்து வந்த உலகத் தலைவர் பால் புல்கே அதே நாளில் டெல்லியில் பிரஸ் மீட் நடத்தினார். பொருள் பாதுகாப்பானதுதான், குழப்பத்தால் மக்கள் நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது, அதனால் நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்பது அவர் பேச்சின் சாரம். இதை மூன்று வாரம் முன்னால் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் இந்தத் தொழிலில் உள்ளவர்கள் பேசிக்கொள்கிறார்கள்.

மௌனத்தை உடைப்பது இன்றைக்கு வந்த ஞானம் அல்ல. 1906 அக்டோபரில் அமெரிக்காவின் அட்லான்டிக் சிட்டி அருகே பென்சில்வேனியா ரயில்ரோடு கம்பெனியின் ரயில் பாலத்திலிருந்து தண்ணீரில் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தக் காலத்து ரயில் கம்பெனிகள் விபத்தை முடிந்தவரை மூடி மறைக்கும். கம்பெனிக்கு ஆலோசகராக இருந்த ஐவி லீ தலைகீழாகச் செய்தார்: நடந்ததை எழுதி எல்லாப் பத்திரிகைக்கும் கொடுத்தார், நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்கே வரச் செய்தார். பத்திரிகைச் செய்திக்குறிப்பு என்ற சமாச்சாரத்தின் தொடக்கம் என்று இதைத்தான் சொல்வார்கள்.

நம் ஊர்ச் செய்தித்தாளில் "இதுகுறித்து நிர்வாகத் தரப்பில் கருத்துக் கேட்க முயன்றபோது யாரும் பதிலளிக்கவில்லை" என்று ஒரு கடைசி வரி வரும். அந்த வரியைப் படிக்கும் வாசகர் மனதில் தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். சொல்வதற்கு நிஜமாகவே ஒன்றும் இல்லையென்றால், "மாதிரி ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது, இன்று மாலை ஆறு மணிக்குத் தெரிந்ததைச் சொல்கிறோம்" என்றாவது சொல்லலாம். நேரம் குறித்த மௌனத்தை நிருபர்கள் மதிப்பார்கள். ஆறு மணிக்குப் பேச வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது வழி மறுப்பு. இதில் ஒரே கம்பெனி, ஒரே உத்தி, இரண்டு விதமான முடிவு என்று ஒரு அருமையான ஜோடி இருக்கிறது.

1993 ஜூனில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒருவர் டயட் பெப்சி டப்பாவுக்குள் ஊசி சிரிஞ்ச் இருந்ததாகச் சொன்னார். ஒரு சில நாளில் நாடு முழுக்க ஐம்பதுக்கும் மேற்பட்ட புகார்கள். பெப்சி ஒரு டப்பாவைக்கூடத் திரும்பப் பெறவில்லை. வட அமெரிக்கத் தலைவர் கிரெய்க் வெதரப் டிவிகளில் நேரில் உட்கார்ந்து பதில் சொன்னார். ஆலையில் டப்பாக்கள் அசுர வேகத்தில் தலைகீழாகத் திரும்பி, கழுவப்பட்டு, நிரம்பி, மூடப்படுவதைப் படமெடுத்து எல்லாச் சேனலுக்கும் கொடுத்தார்கள். டப்பா திறந்திருப்பது ஒரு நொடிக்கும் குறைவான நேரம். அதற்குள் யார் போய் சிரிஞ்சைப் போடுவது? படம் பார்த்த எவருக்கும் புரிந்தது. அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகத்தின் ஆணையர் டேவிட் கெஸ்லரும், நாடு தழுவிய சதிக்கு ஆதாரம் இல்லை என்று கம்பெனியோடு ஒரே நிகழ்ச்சியில் வந்து சொன்னார். கொலராடோவில் ஒரு பெண் கடைக்குள்ளேயே டப்பாவில் சிரிஞ்ச் போடும் கண்காணிப்பு கேமரா காட்சி கிடைத்ததும் கதை முடிந்தது. பொய்ப் புகார் கொடுத்தவர்கள் கைதானார்கள்.

பத்து வருடம் கழித்து, 2003 ஆகஸ்ட் 5. டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், சுனிதா நாராயண் தலைமையில், 12 குளிர்பான பிராண்டுகளில் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாக அறிக்கை வெளியிட்டது. ஜென்மப் பகையாளிகளான பெப்சியும் கோக்கும் ஒரே மேடையில் உட்கார்ந்து பிரஸ் மீட் நடத்தின. மையத்தின் ஆய்வகத் தகுதியைக் கேள்வி கேட்டார்கள், பெப்சி டெல்லி உயர் நீதிமன்றத்துக்கும் போனது. விளைவு? நாடாளுமன்ற கேன்டீனில் குளிர்பானம் நின்றது. சரத் பவார் தலைமையில் நாடாளுமன்றக் கூட்டுக்குழு அமைந்தது. இதற்கு முன் அப்படிப்பட்ட குழுக்கள் போஃபர்ஸ், பங்குச்சந்தை மோசடி மாதிரி விவகாரங்களுக்குத்தான் அமைந்திருந்தன. 2004 பிப்ரவரியில் அந்தக் குழு, எச்சம் இருப்பதாக மையம் சொன்னது சரிதான் என்றது. 2006ல் மையம் மறுபடியும் சோதித்து மறுபடியும் அதையே சொன்னது. கேரள அரசு தடையே விதித்தது. அதை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது வேறு கதை.

இரண்டு தடவையும் பெப்சி உறுதியாகத்தான் மறுத்தது. ஆனால் 1993ல் கையில் கண்ணால் பார்க்கக்கூடிய சாட்சி இருந்தது, பக்கத்தில் அரசு அதிகாரி இருந்தார், எதிரில் தனித்தனி ஆட்களின் நம்ப முடியாத கதைகள் இருந்தன. 2003ல் எதிரே இருந்தது அட்டவணை போட்ட ஆய்வக எண்கள். கம்பெனியிடம் காட்ட ஒன்றுமில்லை. சொல்ல மட்டும் இருந்தது. போதாக்குறைக்கு, எண்ணுக்குப் பதில் சொல்லாமல் எண்ணைக் கொண்டுவந்தவரைத் தாக்கினார்கள். பன்னாட்டுக் கம்பெனிகள் இரண்டும் கூட்டுச் சேர்ந்து ஒரு தொண்டு நிறுவனத்தை மிரட்டுகிறதா என்று பார்த்தவர்களுக்குத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை.

தமிழ்நாட்டிலும் மறுப்பு வேலை செய்த இடம் உண்டு. 2017ல் அப்போதைய பால்வளத் துறை அமைச்சர், தனியார் நிறுவனங்கள் பாலில் ரசாயனம் கலப்பதாகப் பொதுவெளியில் பேசினார். மூன்று பால் நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின; ஆதாரம் இல்லாமல் அந்த நிறுவனங்களைப் பற்றிப் பேசக்கூடாது என்று இடைக்காலத் தடை கிடைத்தது. குற்றச்சாட்டு பொதுப்படையாக, ஆய்வு முடிவு இல்லாமல் வந்தது. அதனால் 'ஆதாரம் எங்கே' என்று திருப்பிக் கேட்க முடிந்தது.

மூன்றாவது, முதலில் சரக்கை எடுப்பது. இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் டைலனால் என்ற வலி மாத்திரை. 1982 செப்டம்பர் கடைசியில் சிகாகோ பகுதியில் அந்த மாத்திரை சாப்பிட்ட ஏழு பேர் இறந்தார்கள். யாரோ சயனைடு கலந்திருந்தார். அதைத் தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் நாடு முழுக்க ஏறக்குறைய 3.1 கோடி பாட்டில்களைத் திரும்பப் பெற்றது. 10 கோடி டாலருக்கு மேல் செலவு. தலைவர் ஜேம்ஸ் பர்க் டிவியில் நேரடியாகப் பதில் சொன்னார். சில வாரங்களிலேயே மூன்று அடுக்குப் பாதுகாப்பு முத்திரையோடு புது உறை வந்தது. ஏறக்குறைய 35 சதவீதத்திலிருந்து ஒற்றை இலக்கத்துக்குச் சரிந்த சந்தைப் பங்கு ஒரு வருடத்துக்குள் பெருமளவு திரும்பியது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஒரு விஷயத்தை வசதியாக விட்டுவிடுவார்கள். விஷம் ஆலையில் கலக்கவில்லை, கடைக்குப் போன பிறகுதான் யாரோ கலந்தார்கள். அங்கே கம்பெனியும் பாதிக்கப்பட்ட தரப்பு. டிமத்தி கூம்ப்ஸ் என்ற ஆய்வாளர் நெருக்கடிகளை மூன்றாகப் பிரிப்பார்: நிறுவனமும் பலியானவை, தற்செயலாக நேர்ந்தவை, தடுத்திருக்கக்கூடியவை. முதல் வகையில் பெருந்தன்மையாக இருப்பது சுலபம். அதே ஜான்சன் அண்ட் ஜான்சன், பேபி பவுடரில் புற்றுநோய் உண்டாக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்ற புகார் வந்தபோது பல ஆண்டுகள் மறுத்தும் வழக்காடியும்தான் காலம் தள்ளியது. டால்க் பவுடரை உலகம் முழுக்க நிறுத்தியது 2023ல். 1982ன் பெருமையை வைத்து எதையும் எளிதாக்கிவிட முடியவில்லை.

எனவே நம் ஊர்க்காரர்களுக்கு என் சிபாரிசு டைலனால் அல்ல, கேட்பரி. 2003 அக்டோபரில், தீபாவளிக்குச் சில வாரம் முன்னால், மும்பையில் டெய்ரி மில்க் சாக்லேட்டில் புழு இருப்பதாக மகாராஷ்டிர உணவு மருந்து நிர்வாகம் சொன்னது. கம்பெனி ஆரம்பத்தில் செய்தது பெருமைக்குரியது அல்ல: ஆலையில் தப்பில்லை, கடைக்காரர்கள் சரியாக வைக்காததால் வந்தது என்றது. 'அப்போ உறை ஏன் அவ்வளவு லேசாக இருக்கிறது?' என்று அதிகாரிகள் திருப்பிக் கேட்டார்கள். வருடத்தில் அதிகம் விற்கும் பருவத்தில் விற்பனை படுத்தது. விளம்பரங்களை நிறுத்தினார்கள்.

அதற்கு அப்புறம் செய்ததுதான் விஷயம். 'ப்ராஜெக்ட் விஸ்வாஸ்' என்ற பெயரில் கடைக்காரர்களிடம் போய், எப்படி வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். 2004 ஜனவரியில் அலுமினியத் தாளுக்கு மேல் இன்னொரு உறை போட்டு மூடிய புது பாக்கெட் வந்தது. உறைச் செலவு கூடியது, விலையை ஏற்றவில்லை. அமிதாப் பச்சனை விளம்பரத்துக்குக் கொண்டுவந்ததைத்தான் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கென்னவோ அமிதாப் இல்லாமலும் அது வேலை செய்திருக்கும் என்றே தோன்றுகிறது. புழு உள்ளே போகும் என்று பயந்தவருக்கு, இனி போக முடியாது என்று கையால் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு பொருள் கிடைத்தது. அறிக்கையால் அதைக் கொடுக்க முடியாது. அமிதாப் மட்டும் வந்து உறை பழையபடி இருந்திருந்தால்?

சரக்கைத் திரும்ப எடுப்பதன் விலையை மறைக்கக் கூடாது. மேகியில் முப்பதாயிரம் டன்னுக்கு மேல் அழித்தார்கள். சிமென்ட் ஆலைச் சூளைகளில் போட்டு எரித்தார்கள். நெஸ்லே சொன்ன இழப்பு சுமார் 450 கோடி ரூபாய். 2015 ஆகஸ்ட் 13 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது: கம்பெனியின் தரப்பைச் சரியாகக் கேட்கவில்லை, சோதித்த ஆய்வகங்களுக்கு உரிய அங்கீகாரம் இல்லை என்றது. புதிதாக மூன்று ஆய்வகங்களில் சோதித்ததில் ஈயம் வரம்புக்குள் இருந்தது. நவம்பர் 9ல் மேகி மறுபடி கடைக்கு வந்தது. முதலிடத்தைப் பிடித்தார்கள். ஆனால் தடைக்கு முன் ஏறக்குறைய முக்கால்வாசிச் சந்தை கையில் இருந்தது. அந்த உயரத்துக்கு உடனே திரும்ப முடியவில்லை. ஆக, சட்டப்படி ஜெயித்தவர்களுக்கே இந்தக் கதி. கோர்ட்டில் ஜெயிக்கப் போகிறோம் என்ற நம்பிக்கையை முதல் வாரத்து உத்தியாக வைத்துக்கொண்டால் இதுதான் நடக்கும். வழக்கு ஒரு பக்கம் அதன் போக்கில் நடக்கட்டும். கடை அலமாரியில் நடப்பது வேறு.

மன்னிப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. 2018 பிப்ரவரியில் பிரிட்டனில் கே.எஃப்.சி. விநியோகக் கம்பெனியை மாற்றியதில் குளறுபடி. ஏறக்குறைய 900 கடைகளில் பாதிக்கு மேல் கோழி இல்லாமல் மூடிக் கிடந்தன. பேப்பரில் முழுப்பக்க விளம்பரம் போட்டு, தன் பெயரின் எழுத்துகளையே இடம் மாற்றிக் கெட்ட வார்த்தை மாதிரி ஆக்கி, தன்னைத்தானே திட்டிக்கொண்டது. ஜனங்கள் சிரித்து மன்னித்தார்கள். யாரும் சாகவில்லை, யாருக்கும் வயிற்றைக் கலக்கவில்லை. அதனால் அந்தக் கிண்டல் எடுபட்டது. 2010ல் மெக்சிகோ வளைகுடாவில் பி.பி. என்ற எண்ணெய்க் கம்பெனியின் கிணற்றில் 11 தொழிலாளர்கள் இறந்து, எண்ணெய் வாரக்கணக்கில் கடலில் கொட்டிக்கொண்டிருந்தபோது, தலைவர் டோனி ஹேவர்ட் வருத்தம் தெரிவித்துவிட்டு, கூடவே எனக்கு என் வாழ்க்கை திரும்ப வேண்டும் என்றார். சில மாதத்தில் பதவி போனது. மன்னிப்புக் கேட்பவர் தன் கஷ்டத்தைப் பேசக் கூடாது. நம் ஊர் நிர்வாகிகள் "எங்களுக்கும் மன உளைச்சல்தான்" என்று ஆரம்பிப்பதை நிறையக் கேட்டிருக்கிறேன்.

சரி, அந்தப் பதினோரு மணிக் கூட்டத்துக்கு வருவோம். நான் அங்கே இருந்தால் முதலில் கேட்பது 'நம்ம பக்கம் நியாயம் இருக்கா' என்று அல்ல. இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அதை இன்று மாலைக்குள், படித்தவர் படிக்காதவர் யாருக்கும் புரியும்படி காட்ட முடியுமா? நம் சம்பளம் வாங்காத ஒருவர், உணவுப் பாதுகாப்பு அலுவலரோ அரசு ஆய்வகமோ, அதைச் சொல்வாரா? இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் மறுக்கலாம். பலமாகவே மறுக்கலாம், பெப்சி 1993ல் செய்த மாதிரி. இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் விற்பனையை நிறுத்திவிட்டுத்தான் பேச வேண்டும்.

சின்னக் கம்பெனியால் இது தாங்காது என்பார்கள். முழுச் சரக்கையும் எடுத்தால் தாங்காதுதான். ஆனால் எந்த பேட்ச், எந்த ஊர்க் கடைகள் என்று உடனே சொல்ல முடிந்தால் எடுக்க வேண்டியது கொஞ்சமாகிவிடும். ஒரு மசாலாக் கம்பெனியின் உண்மையான பி.ஆர். (மக்கள் தொடர்பு) பட்ஜெட், என்னைக் கேட்டால், பாக்கெட்டில் அழியாமல் அடிக்கப்பட்ட பேட்ச் எண்ணும், எந்த பேட்ச் எந்த டீலருக்குப் போனது என்ற கணக்கும்தான். அது இல்லாதவருக்கு மூன்றாவது வழி மூடியிருக்கிறது. ஒன்று எல்லாவற்றையும் எடுக்க வேண்டும், இல்லை எதையும் எடுக்க முடியாது. தெரியாமலே மௌனத்துக்கோ மறுப்புக்கோ தள்ளப்படுகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் தள்ளப்படுகிறார்கள்.

மாலை அறிக்கை இப்படி இருந்தால் போதும்: "இந்த பேட்ச் எண் கொண்ட பாக்கெட் பற்றிப் புகார் வந்திருக்கிறது. அந்த பேட்ச் விற்பனையை இன்று மதியம் நிறுத்திவிட்டோம். மாதிரியை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறோம். முடிவு எதுவானாலும் வெளியிடுவோம். உங்களிடம் அந்தப் பாக்கெட் இருந்தால் சாப்பிட வேண்டாம், வாங்கிய கடையில் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்ளுங்கள். கேள்வி இருந்தால் இந்த எண்ணுக்குப் பேசுங்கள்." வக்கீலும் இதில் கைவைக்க மாட்டார், தப்பை ஒத்துக்கொண்ட வரி ஒன்றுகூட இல்லை. முதலாளி மட்டும் "நாற்பது ஆண்டு பாரம்பரியம் மிக்க எங்கள் நிறுவனம்" என்று மேலே ஒரு வரி சேர்க்கச் சொல்வார். அதை எடுத்துவிடுங்கள். அந்த போன் எண்ணை எடுக்க இரவு பத்து மணி வரைக்கும் ஆள் உட்கார வைப்பதுதான் இனி பார்க்க வேண்டிய வேலை.